திரையாத பால்

தக்காளிச் சாற்றில் பசுப்பாலை ஊற்றிக் கொதிக்கவைத்தால் பால் திரைந்துபோகும். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் பிஎச் 4.6 அளவில் உறைந்து பிரியக்கூடியது. பழுத்த தக்காளியின் பிஎச் ஏறத்தாழ 4.2க்கும் 4.9க்கும் இடையில் நிற்கிறது. இரண்டும் ஒரே சட்டியில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தடவையாவது பார்க்காத சமையல்காரர் குறைவு. மேற்கு நாடுகளின் தக்காளிச் சூப் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பால் சேர்ப்பதற்கு முன் ஒரு சிட்டிகை சமையற்சோடாவைப் போட்டு அமிலத்தை அடக்கினார்கள். சட்டி நுரைத்துப் பொங்கி அடங்கும். சிலர் வெண்ணெயில் மாவை வறுத்துப் பாலைத் தடிப்பாக்கிக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் கிரீம் ஊற்றினார்கள். அதில் புரதம் குறைவு, கொழுப்பு அதிகம் என்பதால் அவ்வளவு எளிதில் திரையாது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில் உள்ள உப்புவெளியில், இந்த மல்லுக்கட்டு பெரும்பாலான சமையலறைகளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அங்கே தக்காளியோடு சேர்வது தேங்காய்ப்பால். அந்தச் சேர்மானத்துக்குச் சூப் என்று பெயரும் இல்லை. அது தக்காளிப்பழச் சொதி.

கிழக்கிலங்கைத் தமிழ் வீடுகளில் வேலை நாள் இராச்சாப்பாடு என்றால் இடியப்பம், பிட்டு, இல்லாவிட்டால் கடையில் வாங்கிய பாண். மூன்றும் வறண்ட பண்டங்கள். மூன்றுக்கும் நனைக்க ஏதாவது வேண்டும். சம்பல் உறைப்பைத் தரும், நனைக்காது. பகலில் மிஞ்சிய மீன்குழம்பு இருந்தால் சரி. இல்லாத நாளில் அரை மணித்தியாலத்துக்குள் அடுப்பிலிருந்து இறங்குவது சொதி. தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்காரர்களுக்கும் சொதி உண்டு. ஆனால் அது கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. பாசிப்பருப்பும் பல மரக்கறிகளும் சேர்ந்து, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு வருவது. இலங்கையில் அதே பெயர் கொண்ட பண்டம் எந்தக் கொண்டாட்டமும் இல்லாத செவ்வாய்க்கிழமை இரவுக்கு உரியது. கறி வைக்க நேரமில்லாதவர்கள் வைப்பது. அதனாலேயே இதைப் பற்றி எழுத யாரும் மெனக்கெடவில்லை போலும்.

இந்தச் சொதிக்குள் தக்காளி வந்தது அண்மையில்தான். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரலில் காட்டுச்செடியாக இருந்து, மெக்சிக்கோவில் பயிராகி, ஸ்பானியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன பழம் அது. நமது பக்கங்களில் அது ஊன்றிக்கொள்ளப் பல தலைமுறைகள் பிடித்தன. ஜார்ஜ் வாட் 1889 முதல் வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதி, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுவதாகவும், ஊர்மக்கள் அப்போதுதான் அதை விரும்பத் தொடங்கியிருப்பதாகவும் குறிக்கிறது. அதற்கு முன்னரே இங்குள்ள சமையலில் புளிப்புக்குப் பஞ்சமில்லை. பழப்புளி, தேசிக்காய், மாங்காய், கொறுக்காய் என்று ஒவ்வொரு கறிக்கும் ஒவ்வொரு புளிப்பு ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. மஞ்சள் நிறத்தில் தேசிக்காய்ப் புளிப்போடு இருந்த சொதி, தக்காளி வந்தபோது தன் உருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தேசிக்காய் செய்த வேலையில் ஒரு பகுதியைத் தக்காளி எடுத்துக்கொண்டது. நிறம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குப் போனது. அவ்வளவுதான்.

சூப் வேறு வழியாக வந்தது. திருகோணமலைத் துறைமுகம் 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், சுதந்திரத்துக்குப் பின்னும் 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் நிலாவெளி வீதியோரம் இருக்கிறது. தட்டு தட்டாக வரும் ஆங்கிலச் சாப்பாட்டில் சூப் முதல் கோப்பை. வாடிவீடுகளின் இராச்சாப்பாடும் அந்த வரிசையைத்தான் பின்பற்றியது. அந்தக் கோப்பையை நிரப்ப ஆங்கிலேயர் உள்ளூரிலிருந்தும் கடன் வாங்கினார்கள். மிளகுத்தண்ணீரை எடுத்து அதில் இறைச்சியையும் மாவையும் சேர்த்து ‘முல்லிகட்டானி’ ஆக்கினார்கள். சென்னையில் இருந்த படை அதிகாரி கென்னி ஹெர்பர்ட் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878இல் வெளியிட்ட சமையல் நூல் அதைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. இலங்கையில் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த டெய்லி நியூஸ் சமையல் நூல் 1929இல் வந்தது. ஆங்கிலம் படித்த கொழும்பு வீடுகளில் அது பல தலைமுறைகளுக்குக் கைநூலாக இருந்தது.

கடலுக்கு அப்பால் அதே காலத்தில் தக்காளிச் சூப் வீட்டைவிட்டு வெளியேறித் தொழிற்சாலைக்குள் போய்விட்டது. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் 1869இல் தொடங்கிய கேம்பல் நிறுவனத்தில் ஜான் டொரன்ஸ் என்ற இளம் வேதியியலாளர் 1897இல் சூப்பிலிருந்து பாதியளவு தண்ணீரை நீக்கித் தகரத்தில் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தண்ணீரைக் கப்பலிலும் ரயிலிலும் சுமக்கத் தேவையில்லாமல் போனதால் விலை சரிந்தது. வாங்கியவர் வீட்டில் தண்ணீரோ பாலோ சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்று உப்புவெளிக் கடைகளில் தொங்கும் சூப் பைக்கற்றுகள் அந்தச் சிந்தனையின் கடைசிப் படி: தண்ணீர் முழுதும் போய்த் தூள் மட்டும் மிஞ்சியது. பைக்கற்றின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சோளமா, சீனி, உப்பு ஆகியவை பட்டியலின் முன்வரிசையில் இருக்கும். தக்காளித் தூளும் இருக்கத்தான் செய்கிறது. நிறத்தையும் தடிப்பையும் தருவதில் அது தனியாக நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

வீட்டில் செய்வதென்றால் முதலில் பழம் வேண்டும். உப்புவெளியில் அது ஆண்டு முழுதும் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை. தக்காளிச் செடி இரவுக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பது. இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். வெக்கை ஏற ஏற மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். திருகோணமலைக் கரையில் ஆண்டின் நடுப்பகுதியில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. குளிர்ச்சி வரும், கூடவே அழுகலும் வரும். தாழ்நிலத்து மண்ணில் பற்றீரியா வாடல் நோய் வேறு. பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலுள்ள விவசாயத் திணைக்கள ஆய்வு நிலையம் திலின, மகேஷி, ராஜித என்று உள்ளூர் இனங்களை உருவாக்கிக்கொண்டே இருப்பதற்கு இதுபோன்ற தொல்லைகள்தான் காரணம். குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் சின்ன வெங்காயம் நன்றாக வரும். தக்காளியில் பெரும்பங்கு மாத்தளை, பதுளை, நுவரெலியாப் பக்கங்களிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஏ6 வீதி வழியாக ஹபரணை, கந்தளாய் கடந்து லொறியில் வருகிறது.

தம்புள்ளையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் இந்தப் பயணம் சூப்பின் ருசியைத் தீர்மானிக்கிறது. தூரம் போக வேண்டிய பழத்தைச் செங்காயாகவே பறித்துவிடுகிறார்கள். அப்படியும் சாக்குகளிலும் பெட்டிகளிலும் அமுக்கி ஏற்றுவதால் அடியிலுள்ளவை நசுங்குகின்றன. இலங்கையில் அறுவடைக்குப் பிறகு வீணாகும் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 வீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிளாஸ்ரிக் கூடைகளைக் கட்டாயமாக்க 2011இல் அரசு முயன்றபோது தம்புள்ளையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கூடைக்குக் காசு கொடுப்பது யார், வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுபோவது யார் என்ற கேள்விகளுக்குத் திருப்தியான பதில் இல்லை. ஆகவே பொழுதுபடும் நேரத்தில் சந்தைக்குப் போனால் இரண்டு குவியல் இருக்கும்: கல்லுப்போலச் செங்காய், கனிந்து தோல் சுருங்கிய பழம். இரண்டாவது குவியலின் விலை குறைவு.

சூப்புக்கு ஏற்றது அந்த இரண்டாவது குவியல்தான். இதைச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் பலர். ருசியின் கணக்கும் அதையே சொல்கிறது. தக்காளி பழுக்கப் பழுக்க அதிலுள்ள குளுட்டமேற் என்ற பொருள் பல மடங்கு கூடுகிறது. டோக்கியோவில் கிகுனே இக்கேதா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டது இந்தப் பொருளைத்தான். இன்னொன்று: அந்தச் சுவை பழம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெளிச்சதையில் ஒரு கிலோவுக்கு 1.26 கிராம் குளுட்டமிக் அமிலம்; விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான உட்பகுதியில் 4.56 கிராம். மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். சூப்பை மெல்லியதாக்க விதைப்பகுதியை வழித்துக் கழுவி ஊற்றுபவர்கள் எதைக் கழுவி ஊற்றுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும். விதை பல்லில் படக்கூடாது என்றால் வெந்தபின் வடிதட்டில் தேய்த்து வடிக்கலாம். சாறு சட்டியிலேயே இருக்கும். பூஞ்சணம் பிடித்த பழத்தை மட்டும் முழுதாக எறிந்துவிட வேண்டும், வெட்டிப் பாதியை எடுக்கக்கூடாது.

குளுட்டமேற்றைப் பற்றிப் பேசும்போது மாசியை விட முடியாது. சூரை மீனை அவித்து, புகைபிடித்து, வெயிலில் கல்லாகும்வரை காயவைத்தது மாசிக் கருவாடு. ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் அதே சூரையிலிருந்து ஏறக்குறைய அதே வழியில் ஆவது. இக்கேதாவின் மாணவர் ஷின்தாரோ கொடாமா 1913இல் அந்த ஜப்பானியக் கருவாட்டில் இனோசினேற் என்ற இன்னொரு சுவைப்பொருளைக் கண்டார். பின்னர் ஆய்வாளர் அகிரா குனினகா 1950களின் இறுதியில் காட்டியது அதைவிட முக்கியம்: குளுட்டமேற்றும் இனோசினேற் வகைப் பொருட்களும் ஒன்றாகச் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. தக்காளிப்பழச் சொதிக்கு ஒரு தேக்கரண்டி இடித்த மாசி போடும் வழக்கம் இந்த ஆய்வுகளுக்குக் காத்திருக்கவில்லை. மாசி போடாத சைவ வீடுகளில் அந்த ஆழம் கொஞ்சம் குறையும். அங்கே உள்ளியும் நற்சீரகமும் வேறொரு திசையில் ருசியை இழுக்கின்றன.

அடுத்தது நெருப்பு. தக்காளியை வெட்டியவுடனே அதற்குள்ளிருக்கும் நொதியங்கள் பெக்ரினைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சாற்றுக்குத் தடிப்பைத் தருவது அந்தப் பெக்ரின். தொழிற்சாலைகள் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன: தடிப்பான விழுது வேண்டுமானால் நசுக்கிய கணமே 85 பாகைக்கு மேல் சூடாக்கி நொதியங்களை அடக்கிவிடுவார்கள், பழவாசனை மிகுந்த மெல்லிய சாறு வேண்டுமானால் 65 பாகை அளவில் நிறுத்துவார்கள். வீட்டுக்கு இதன் பொருள், தக்காளியை நறுக்கி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போகக்கூடாது. கொதிக்கும் தண்ணீரில் பழத்தை முழுதாகப் போட்டு, தோல் வெடித்ததும் எடுத்து உரித்து மசித்தால், மா எதுவும் இல்லாமலே குழம்பு நிற்கும்.

எவ்வளவு நேரம் வேகவிடுவது என்பதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2002இல் செய்த ஆய்வில், தக்காளியை 88 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்கியபோது அதன் செந்நிறப் பொருளான லைகோபீன் எடுக்கக்கூடிய அளவு 164 வீதம் கூடியது. உயிர்ச்சத்து சி 29 வீதம் குறைந்தது. லைகோபீன் கொழுப்பில்தான் கரையும். ஜெர்மனியில் 1992இல் ஸ்ரால், ஸீஸ் என்ற ஆய்வாளர்கள் தக்காளிச் சாற்றை எண்ணெயோடு ஒரு மணித்தியாலம் காய்ச்சிக் கொடுத்தபோது, குடித்தவர்களின் இரத்தத்தில் லைகோபீன் இரண்டு மூன்று மடங்கு ஏறியது. காய்ச்சாத சாறு குடித்தபோது ஏறவில்லை. இரசத்தில் தக்காளி வேகிறது, ஆனால் தாளித்த எண்ணெயைத் தவிரக் கொழுப்பில்லை. சொதியில் தேங்காய்ப்பாலே கொழுப்பு.

அந்தத் தேங்காய்ப்பாலும் திரையாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதன் புரதங்கள் கேசினைப்போல அமிலத்துக்கு உடனே கட்டிப்படுவதில்லை, ஆனால் 80 பாகை அளவில் வெப்பத்துக்கு உறையத் தொடங்கும். கிண்டாமல் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கீழே தண்ணீரும் துணுக்குகளுமாகப் பிரிந்துவிடும். எனவேதான் பாலை வகை பிரித்துப் பிழிகிறார்கள். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் தண்ணீர் கூடியவை, கொதி தாங்கும். தக்காளியும் வெங்காயமும் அவற்றில்தான் வேகும். கட்டியான முதற்பால் கடைசியில், நெருப்பைத் தணித்தபின். ஊற்றியதும் அகப்பையால் கிண்டிக்கொண்டே நின்று, விளிம்பில் ஆவி கிளம்பும்போது இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் பிழிவதானால் இறக்கியபின்தான். சொதிக்குப் போடும் வெந்தயத்தில் தடிப்பைத் தரும் கலக்டோமனன் பசை நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு சிட்டிகையில் அது பெரிதாக எதையும் தடிப்பாக்கிவிடாது. வாசனைக்காகப் போடுகிறார்கள், அது போதும்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ கனிந்த தக்காளி, பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் உள்ளி, இரண்டு மூன்று பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், அதே அளவு மஞ்சள், ஒரு துண்டு இரம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, அரைத் தேங்காய். அலுமினியச் சட்டியைத் தக்காளியின் அமிலம் அரிக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. பழம் வெடிக்க ஐந்து நிமிடம். அதற்குள் தேங்காயைத் திருவிப் பிழிந்துவிடலாம். மசித்த பழம் மற்றச் சாமான்களோடு இரண்டாம் பாலில் பதினைந்து நிமிடம் வேகட்டும். பக்கத்து அடுப்பில் இடியப்பம் அவிவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும். இரம்பையையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டு வடிதட்டில் தேய்த்து, முதற்பால் சேர்த்து, கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக் கோப்பையில் ஊற்றினால் சூப். வடிக்காமல் துண்டு துண்டாக விட்டால் சொதி. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு வடிதட்டின் அகலம்.

இந்தச் சட்டியின் செலவுக் கணக்கு அண்மைக்காலத்தில் பலமுறை தலைகீழாகியிருக்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டதும் மஞ்சள் கடத்தல் பொருளாகிவிட்டது. கடற்கரைகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை மரக்கறித் தோட்டங்களைத் தாக்கியது. 2022இல் எரிவாயு இல்லை, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, பிளெண்டர் ஓடாது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பால்மாவுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் விறகடுப்பும் திருவலையும் உள்ள வீடுகள் ஓரளவு சமாளித்தன. பிறகு திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2024இன் முடிவில் தேங்காய் விளைச்சல் சரிந்து, ஒரு தேங்காய் இருநூறு ரூபாயை எட்டியது. 2025 மே மாதத்தில் உப்பளங்கள் மழையில் கெட்டு, தீவுக்கே உப்புத் தட்டுப்பாடு; இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்தது. நிலாவெளி உப்பளத்துக்கு இவ்வளவு அருகில் வசிப்பவர்கள் கடையில் உப்பைத் தேடித் திரிந்ததை எந்தச் சமையல் நூலும் எதிர்பார்த்திருக்காது.

சித்திரை முடிந்து கடல் அடங்கியதும் உப்புவெளி, அலஸ்தோட்டக் கரைகளில் விடுதிகள் நிரம்பத் தொடங்கும். புரட்டாதி வரை வெளிநாட்டவர் வருவார்கள். விடுதிகளின் உணவுப் பட்டியல்களில் தக்காளிச் சூப் வழக்கமாக இருக்கும், சொதி இருப்பது அரிது. சொதி பட்டியலில் ஏறினாலும் இடியப்பத்துக்குத் துணையாகத்தான் ஏறும். கோப்பையில் தனியாக வருவதில்லை. தாய்லாந்தின் தொம் கா என்ற தேங்காய்ப்பால் சூப் உலகெங்கும் உணவகங்களில் தனிக் கோப்பையில் விலைபோவதைப் பார்க்கும்போது, இதில் சமையல் குறை எதுவும் இல்லை, விற்கும் துணிச்சல்தான் குறைவு என்று தோன்றுகிறது. கொஞ்சம் தடிப்பாக, உறைப்பைக் குறைத்து, ஒரு துண்டு வாட்டிய பாணோடு வைத்தால் பைக்கற்றைக் கரைத்துக் கொடுப்பதைவிடக் கூடுதல் காசு வாங்கலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் இந்த வெக்கையில் இரவு தாண்டாது. காலையில் புளித்து நுரைத்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ தக்காளியை வெங்காயம், உள்ளியோடு வேகவைத்து மசித்து, பால் சேர்க்காமலே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் மூன்று நான்கு நாள் கெடாது. இரவில் வேண்டிய அளவு எடுத்துக் கொதிக்கவைத்து, அன்று பிழிந்த பாலை ஊற்றினால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். வேகவைக்காத தக்காளிப்பழத்தை மட்டும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. புளோரிடா பல்கலைக்கழகத்தினர் 2016இல் காட்டியபடி, 5 பாகைக் குளிரில் ஒரு கிழமை இருந்த பழத்தில் வாசனையை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் பழைய வாசனை முழுதாகத் திரும்புவதில்லை. பழம் கூடையில் இருக்கட்டும், வெந்த விழுது பெட்டிக்குள் போகட்டும்.